நாற்பத்து மூன்றே கால் அங்குலக் கிடா

என் மச்சானுக்கு, அதாவது என் மனைவியின் அண்ணனுக்கு, எதையும் உள்ளபடி விட்டுவைக்கத் தெரியாது. விரிசல் விட்ட குடத்தைக் கண்டால் அரக்கு வைத்து அடைப்பார். சுவரில் படம் கோணலாகத் தொங்கினால், அது அடுத்த வீட்டுக்காரர் சுவராக இருந்தாலும், உள்ளே போய் நிமிர்த்திவிட்டு வருவார். இந்தக் குணம் வீட்டோடு நின்றிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அவரைக் கொண்டுபோய் நான் வேலை பார்த்த கடையிலேயே சேர்த்துவிட்டவன் நான்தான். ஆறு வருஷம் அதற்காகத் தலையில் அடித்துக்கொண்டேன்.

கடை ரங்கூனில், பசுந்தாங் கால்வாய் ஓரமாக இருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில் அந்தப் பக்கமெல்லாம் அரிசி மில்கள். துரைமார் சுட்டுக் கொண்டுவரும் விலங்குகளைப் பாடம் பண்ணிக் கொடுப்பது எங்கள் தொழில். தோலுக்கு உப்பும் படிகாரமும் போட்டுப் பதப்படுத்தி, மரச்சட்டத்தில் வைக்கோல் சுற்றி உருவம் பிடித்து, கண்ணாடிக் கண் பதித்து, சுவரில் மாட்டுகிற மாதிரி ஆக்கித் தருவோம். ஒரு பக்கம் உமி எரியும் புகை, ஒரு பக்கம் ஙப்பி மீன்விழுது ஏற்றி வரும் படகுகள், நடுவில் எங்கள் தோல். மூன்றில் எது மோசமான நாற்றம் என்று என் மனைவியைக் கேட்டால், பேசாமல் என் பக்கம் கையைக் காட்டுவாள்.

என் வேலை அளப்பது. கேட்பதற்குச் சின்ன வேலை. செய்து பார்த்தால்தான் தெரியும் அதில் இருக்கும் எரிச்சல். அதிலும் காட்டுச் செம்மறி வந்துவிட்டால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

செம்மறி என்றதும் நம் ஊர்ப் பட்டியில் நிற்கும் ஆட்டை நினைக்க வேண்டாம். இது கழுதை உயரம் நிற்கும். கிடாவின் கொம்பு அடியில் என் தொடைப் பருமன் இருக்கும். பின்னால் போய், கீழே இறங்கி, தாடையைச் சுற்றி மறுபடியும் முன்னால் வரும். பர்மாக் காட்டில் எங்களுக்கு அது வந்ததில்லை. நீண்ட விடுப்பில் லடாக்குக்கும் அதற்கு அப்பாலும் போகிற துரைமார்தான் பெட்டியில் போட்டுக் கொண்டுவருவார்கள். உயிரோடு ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. பனியையும் பார்த்ததில்லை. ஆனால் எது நல்ல கிடா, எது சுமார் என்று கேட்டால், கப்பலில் வந்த மண்டை ஓட்டைத் திருப்பிப் பார்த்தே சொல்லிவிடுவேன்.

முதலில் நீளம். கொம்பின் அடியில் முன்புறம் நாடாவை வைத்து, வெளி வளைவோடு நுனிவரை கொண்டுபோக வேண்டும். கொம்பில் குறுக்கே மேடும் பள்ளமுமாக இருக்கும். நாடா மேட்டின் மேலேதான் போக வேண்டும், பள்ளத்துக்குள் அமுக்கக் கூடாது. அமுக்கினால் ஒன்றிரண்டு அங்குலம் சும்மா கூடும். பிறகு அடிச்சுற்று. பிறகு வயது: ஆண்டுக்கொரு வளையம் ஆழமாக விழுந்திருக்கும், அதை எண்ண வேண்டும். எல்லாவற்றையும் விட, நுனிவரை பருமன் குறையாமல் வந்திருக்கிறதா என்பது. கிழக் கிடாக்களுக்குப் பெரும்பாலும் நுனி இருக்காது. பாறையில் உரசியும் சண்டையில் மோதியும் தேய்ந்து மொட்டையாகிவிடும். விஷயம் தெரிந்த வேட்டைக்காரன் அந்த மொட்டை நுனியைத்தான் முதலில் தேடுவான். அது கிடா பத்துப் பன்னிரண்டு குளிர்காலம் தாக்குப்பிடித்ததற்கு அடையாளம்.

இவ்வளவும் துரைமாருக்கும் தெரியும். தெரிந்தும், மலையில் விரல் விறைத்துப்போன நிலையில் துணி நாடாவால் அளந்த அளவைத்தான் பிடித்துக்கொண்டு தொங்குவார்கள். கொம்பு காய்ந்தால் சுருங்கும் ஐயா என்றால், நீ தூங்கிக்கொண்டே அளக்கிறாய் என்பார்கள். நான் இரும்பு நாடாவால் மூன்று முறை அளப்பேன். மூன்று முறையும் ஒரே எண் வரும். மூன்று முறையும் அவர்கள் முகம் சுருங்கும். கடைசியில் கடையின் சீட்டில் அளவை எழுதி, கீழே என் கையெழுத்தைப் போடுவேன். அந்தச் சீட்டைக் காட்டினால் கிளப்பில் யாரும் மறுபேச்சுப் பேசுவதில்லை என்று சொல்வார்கள். எனக்கு இருந்த ஒரே பெருமை அதுதான். இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன்.

இந்த இடத்தில்தான் என் மச்சான் வருகிறார். அதற்கு முன்னால் அவர் அரிசி மில்லில் இருந்தார். ஓடுகிற பெல்ட்டில் வலது கையை விட்டு இரண்டு விரல் போய்விட்டது. பெல்ட் கோணலாக ஓடியிருக்கும், மச்சான் நிமிர்த்தப் போயிருப்பார் என்று நான் வீட்டில் எத்தனையோ தடவை கிண்டல் செய்திருக்கிறேன். அவரும் சிரித்துக்கொள்வார். மூட்டை தூக்க அந்தக் கை உதவாது. மில்லில் எதுவும் கொடுக்காமல் அனுப்பிவிட்டார்கள். நான்கு பிள்ளைகளோடு எங்கள் மாடியிலேயே பாதித் தடுப்பில் வந்து தங்கினார். முதலாளியின் காலைப் பிடித்து அவரைக் கடையில் சேர்த்தேன்.

மூன்று விரலை வைத்துக்கொண்டு அவர் செய்த வேலையை ஐந்து விரல்காரர்கள் செய்ய முடியாது. அதைச் சொல்லியே ஆக வேண்டும். தொல்லை என்னவென்றால், எங்கே நிறுத்துவது என்பது அவருக்குத் தெரியாது. கடமானுக்குக் கண் பதிக்கச் சொன்னால் மை தீட்டியதுபோல ஓரம் கறுப்படித்து வைப்பார். கரடியின் உதட்டைச் சற்றே தூக்கி, கல்யாணத்துக்கு வந்த சம்பந்தி மாதிரி ஆக்கிவிட்டார். ஒரு புலித் தோலில் குண்டு பாய்ந்த ஓட்டை இருந்தது. சுட்ட துரை அதை விருந்தாளிகளுக்குக் காட்ட ஆசையாக இருந்தார். மச்சான் அதை இருந்த இடம் தெரியாமல் தைத்துவிட்டார். துரை தோலைத் தரையில் விரித்து, முழங்காலிட்டு, ஓட்டையைத் தேடினார். அன்றைக்கு முதலாளி என்னைத்தான் கூப்பிட்டார். இன்னொரு தடவை இப்படி ஏதாவது மேம்படுத்தினால் உன் மைத்துனனுக்கு இங்கே வேலை இல்லை என்றார். அதை மச்சானிடம் அட்சரம் பிசகாமல் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். அவர் தலையாட்டுவதற்கு எந்த அர்த்தமும் கிடையாது என்று எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிடா பார்ப்பதில் அவரும் ஓர் ஆள். எங்கள் வட்டாரத்து முனீஸ்வரன் கோயிலில் வருஷத்துக்கு ஒரு கிடாவெட்டு உண்டு. கிடா வாங்க அவர் இல்லாமல் போக மாட்டார்கள். பல் பார்ப்பார், காதை மடித்துப் பார்ப்பார், குளம்பைத் தூக்கிப் பார்ப்பார். கொம்பு நுனியில் நகக்கீறல் அளவு பழுது இருந்தாலும் ஆகாது என்று விலக்கிவிடுவார். எத்தனை கொழுத்த கிடாவாக இருந்தாலும் சரி, பழுதுள்ளது சாமிக்கு ஆகாது. ஆக, ஒரே கடையில் கிடா பார்க்கிறவர்கள் இரண்டு பேர் இருந்தோம். என் கணக்கில் நுனி உடைந்தது உயர்ந்தது. அவர் கணக்கில் அது தள்ளுபடி. இந்த வம்பு நடக்கும்வரை எங்கள் இருவருக்குமே இது உறைக்கவில்லை.

மழைக்காலம் தொடங்கும் சமயம் ஒரு மரக் கம்பெனித் துரை பெட்டியோடு வந்தார். உள்ளே செம்மறிக் கிடா. துரை பெரிய குரலில் கதை சொன்னார். ஒரே கிடாவைப் பத்து நாள் தொடர்ந்தாராம். எதிர் மலையிலிருந்து தூரக்கண்ணாடியில் பார்க்கும்போதே கொம்பு தாடைக்குக் கீழே இறங்கி மேலே ஏறியிருந்ததாம், நுனி மட்டும் வெட்டிவிட்டதுபோல மொட்டையாக இருந்ததாம். அந்த மொட்டையை வைத்தே கூட்டத்தில் அதை அடையாளம் கண்டுகொள்வாராம். காற்று திரும்பித் திரும்பி அடித்து ஒன்பது நாள் ஏமாற்றியது. பத்தாம் நாள் விடியற்காலையிலிருந்து ஒரு பாறைக்குப் பின்னால் வயிற்றில் படுத்துக் கிடந்து, மத்தியானம் அது எழுந்து நின்றபோது சுட்டார். நான் இதை மச்சானுக்குத் தமிழில் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தண்ணீர் தெளித்தாரா, கிடா துலுக்கியதா என்று கேட்டார். கோயிலில் தண்ணீர் தெளித்ததும் கிடா உடம்பைச் சிலிர்த்தால்தான் வெட்டச் சம்மதம் கிடைத்தது என்று அர்த்தம். "என்ன கேட்கிறான்?" என்றார் துரை. மிகவும் நல்ல கிடா என்கிறான் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அளந்தேன். வலது கொம்பு நாற்பத்து மூன்றே கால் அங்குலம். இடது நாற்பத்து இரண்டரை. இரண்டு நுனியும் மொட்டை. அடிச்சுற்று அபாரம். பன்னிரண்டு வளையம் எண்ணினேன். அதைவிட நல்ல கிழக் கிடா எங்கள் கடைக்கு வந்ததில்லை என்று மனசாரச் சொன்னேன். துரை முகம் தெளியவில்லை. அவருடைய கிளப்பில் இன்னொரு துரை நாற்பத்தைந்தரைக் கிடா ஒன்று வைத்திருந்தார். அதை அளந்து சீட்டு எழுதியதும் நான்தான். நுனி இருந்திருந்தால் என்று இரண்டு தடவை முணுமுணுத்துவிட்டுப் போனார். நான் வரவுப் புத்தகத்தில் அளவைக் குறித்து, மச்சானுக்கும் கேட்கும்படி உரக்கப் படித்து மூடினேன்.

மறுநாளே எனக்குக் குளிர் காய்ச்சல். மூன்று வாரம் படுக்கையில் கிடந்தேன். திரும்பி வந்த அன்று காலை, கிடாவின் தலை முடிந்து, துணி போர்த்திச் சுவரில் இருந்தது. மத்தியானம் வருவதாகத் துரை சொல்லியிருந்தார். துணியை விலக்கினேன்.

கொம்பு இரண்டும் கூராக முடிந்திருந்தன.

எனக்குக் காய்ச்சல் திரும்பிவிட்டதோ என்று தோன்றியது. நாடாவை எடுத்து அளந்தேன். வலது நாற்பத்தேழு. இடதும் நாற்பத்தேழு, மயிரிழை பிசகாமல். படைத்தவன்கூட இரண்டு கொம்பை அப்படி ஒத்து வைப்பதில்லை. மச்சானைக் கூப்பிட்டேன். அவர் முகமெல்லாம் சந்தோஷம். சீப்புச் செய்கிற பர்மாக்காரரிடம் வெள்ளை மாட்டுக் கொம்பு வாங்கி, செதுக்கி, காசுக்கட்டித் தண்ணீரில் நிறம் ஏற்றி, உள்ளே ஆணி கொடுத்து அரக்கால் ஒட்டினாராம். வளையம்கூட விட்ட இடத்திலிருந்து தொடர்ந்திருந்தது. ஒட்டு எங்கே என்று என் நகத்தால் தேடினேன். கிடைக்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த வேலைப்பாட்டைப் பாராட்டவும் தோன்றியது. அதனால் ஆத்திரம் இரட்டித்தது.

எத்தனை தடவை சொன்னேன், உங்கள் தலையில் களிமண்ணா இருக்கிறது, பிள்ளைகளை நினைத்தீர்களா என்று ஒரு பாட்டம் தீர்த்தேன். அவர் நான் முடிக்கும்வரை காத்திருந்தார்.

"பழுதுபட்ட கிடாவ சாமிக்கே வைக்க மாட்டோம் மாப்ளே. அவ்வளவு பெரிய மனுஷன் வீட்டுச் சுவத்துல எப்படி வைக்கிறது?"

"கொம்பு அதோடது இல்லையே, மச்சான்."

"கண்ணு மட்டும் அதோடதா? கண்ணாடிதான. மூக்கு நம்ம மண்ணு. அளவுதான் வந்த அன்னிக்கே எழுதியாச்சே. அப்புறம் என்ன?"

உடனே கழற்றுங்கள் என்றேன். கழற்றினால் நிறம் போட்ட இடம் திட்டுத் திட்டாகத் தெரியும், சரிசெய்ய இரண்டு நாள் வேண்டும் என்றார். நாங்கள் இப்படி மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போதே வாசலில் வண்டி வந்து நின்றது. துரை சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். மாடியிலிருந்து முதலாளியும் இறங்கினார். முதலாளி பெட்டியில் வந்து இறங்கும் தலைகளைப் பார்ப்பதில்லை. முடிந்த வேலையை மட்டும்தான் பார்ப்பார். ஆகவே அவருக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை.

துரைக்கு வந்தது. அவர் கிடாவின் முகத்தைப் பார்க்கவே இல்லை. நேராக நுனியைப் பார்த்தார். கட்டைவிரலால் கொம்பை மெல்ல வருடிக்கொண்டே போய், முன்பு மொட்டையாக இருந்த இடத்தில் நிறுத்தினார். பத்து நாள் அந்த மொட்டையைத் தேடி மலை ஏறியவருக்கு அது எங்கே முடிந்தது என்று தெரியாதா? என்னைப் பார்த்தார். நான் மேஜையைப் பார்த்தேன். பிறகு அவர் முதலாளி பக்கம் திரும்பி, வேலை பிரமாதம் என்றார். வந்த அன்று அவசரத்தில் அளந்தது, இப்போது சரியாக அளந்து சீட்டு எழுதித் தரச் சொல்லுங்கள் என்றார்.

முதலாளி என்னிடம் கையை நீட்டி மேஜையைக் காட்டினார்.

அந்த நிமிஷத்தில் என் மனதில் ஓடியதை ஒளிக்காமல் சொல்கிறேன். உண்மையைச் சொன்னால் மச்சானுக்கு இன்றோடு வேலை போச்சு. எழுதிக் கொடுத்தால் துரைக்குச் சந்தோஷம், முதலாளிக்குச் சந்தோஷம், நான்கு பிள்ளைகளுக்கும் சோறு. ஒரு துரையின் கொம்பு இன்னொரு துரையின் கொம்பைவிட ஒன்றரை அங்குலம் கூடினால் இந்த உலகத்தில் யாருக்கு என்ன கெட்டுவிடும்? அரை அங்குலத்துக்காக இத்தனை வருஷம் துரைமாரோடு மல்லுக்கு நின்றவன், பேருக்கு நாடாவைப் பிடித்துவிட்டு, சீட்டில் நாற்பத்தேழு என்று எழுதினேன். எழுதியதெல்லாம் மச்சானுக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கோபம் கோபமாக வந்தது. அந்தக் கோபமும் அவர் மேல்தான்.

மச்சானுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. எண் தெரியும். கிடாத் தலையைப் பொதிந்து கட்டித்தர என் பக்கத்தில் வந்து நின்றவர் சீட்டைப் பார்த்தார்.

"நாப்பத்து மூணே காலுன்னுதான படிச்சீங்க?"

பேசாமல் இருங்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். உங்களுக்காகத்தான் என்றும் சொன்னேன். அவர் துரையைப் பார்த்தார், மறுபடி சீட்டைப் பார்த்தார். அதில் அளவு இருந்தது; என் கையெழுத்து இன்னும் விழவில்லை. அவர் அரக்கு உருக்கும் அடுப்பிலிருந்து சூட்டுக்கோலை எடுத்து வந்தார். ஏதோ கடைசி மெருகு என்று எல்லோரும் நினைத்தோம். வலது கொம்பில் ஒட்டிய இடத்தில் கோலை வைத்து அழுத்தினார். அரக்கு உருகி நெடி வந்தது. மூன்று விரலால் நுனியைத் திருகினார். கையோடு வந்துவிட்டது. முதலாளி பக்கத்தில் வருவதற்குள் இடதையும் எடுத்துவிட்டார். இரண்டையும் என் மேஜையில், சீட்டின் மேலேயே வைத்தார்.

அடுத்து நடந்ததை நீட்டி முழக்க ஒன்றும் இல்லை. துரையின் முகம் செக்கச் சிவந்திருந்தது. முதலாளி மச்சானை அப்போதே வெளியே போகச் சொன்னார். என்னைப் போகச் சொல்லவில்லை. நான் பழைய சீட்டைச் சட்டைப் பையில் செருகிவிட்டு வேறு சீட்டு எடுத்து, நாற்பத்து மூன்றே கால் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். துரை அதை வாங்கிப் பையில் திணித்துக்கொண்டு போனார். அதை அவர் கிளப்பில் காட்டியிருப்பார் என்று நான் நம்பவில்லை.

சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு வெளியே வந்தேன். மச்சான் அதுவரை மழைக்கு ஒதுங்கி வாசலிலேயே நின்றிருந்தார். இரண்டு பேரும் நடந்தோம். வழியெல்லாம் நான் திட்டினேன். ஒட்டும்போதும் என்னைக் கேட்கவில்லை, பிய்க்கும்போதும் கேட்கவில்லை என்றேன். நான் என் கையைக் கறையாக்கிக்கொண்டு உங்கள் வேலையைக் காப்பாற்றினேன், நீங்கள் அதை அடுப்பில் போட்டீர்கள் என்றேன். இனி வீட்டில் எல்லோரும் காற்றையா குடிப்பது என்றேன். கோணலாக எதைப் பார்த்தாலும் நிமிர்த்தப் போய்த்தானே மில்லில் விரலையும் விட்டீர்கள் என்றும் கேட்டேன். அன்று அதைக் கிண்டலாகக் கேட்கவில்லை. வலிக்கட்டும் என்றே கேட்டேன்.

அவர் குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"நான் எதையும் நிமிர்த்தப் போவல மாப்ளே. பெல்ட்டு ஓடுறப்பவே அடியில சிந்துன அரிசிய அள்ளச் சொன்னாங்க. அள்ளுனேன். அப்புறம் நானா வெளையாட்டா கைய வுட்டேன்னு ஒரு காயிதம் எழுதி, இதுல ரேகை வைன்னாங்க. வச்சேன். அதனாலதான் ஒண்ணும் கெடைக்கல."

எழுதியது யார் என்று கேட்டேன்.

"நம்ம ஆளுதான். மில்லு கிளார்க்கு. நல்ல மனுஷன். பாவம், அவருக்கும் பிள்ளைகுட்டி இருந்துச்சு."

மாடிப்படி ஏறும்போது சட்டைப் பையில் கையை விட்டேன். நாற்பத்தேழு என்று எழுதிய சீட்டு அங்கே இருந்தது. மழையில் நனைந்தும் அந்த எண் அழியாமல் இருந்தது.